வயிற்றைச் சுருக்கியாச்சு... சாப்பாடு? ஆபரேஷனுக்குப் பிறகு தொடங்கும் பாடு!

பொதட்டூர்பேட்டை தறிக்கூடம் வரை வந்துவிட்டது அந்த விளம்பரம். செல்போனைத் திறந்தால் போதும். "ஆறு மாதத்தில் 30 கிலோ காலி!" முன்னே ஒரு போட்டோ, பின்னே ஒரு போட்டோ. நடுவில் அந்த ஆள் என்ன சாப்பிட்டார், எப்படிச் சாப்பிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

எடை ஏறியிருப்பது உண்மை. 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை. ஆண்களில் 37 பேர். முந்தைய கணக்கில் (2015–16) இது 31, 28 ஆக இருந்தது.

நெசவு ஊரில் ஏன் இந்தக் கதை? கைத்தறியில் கையும் காலும் ஓயாது. விசைத்தறியில் மோட்டார் ஓடுகிறது. ஆள் நின்றபடி அறுந்த இழையை முடிகிறார். ராத்திரி ஷிப்டுக்கு டீயும் வடையும் துணை. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதிதான்.

என்ன ஆபரேஷன்?

இரண்டு வகை அதிகம் நடக்கிறது. ஒன்றில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். இன்னொன்றில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாகப் பிரித்து நேரே சிறுகுடலில் இணைக்கிறார்கள். இதுதான் பைபாஸ்.

பெரிய மனிதர்கள் செய்துகொண்டதும் உண்டு. நிதின் கட்காரி 2011ல் செய்துகொண்டார். அருண் ஜெட்லி 2014ல் செய்துகொண்டார். "மந்திரியே செய்துகொண்டார், நமக்கென்ன?" என்று பேச்சு பரவியது அப்போதுதான்.

ஆனால் 2024 ஏப்ரலில் நடந்ததையும் மறக்கக் கூடாது. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், 150 கிலோவுக்கு மேல் எடை. சென்னை பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

தேர்ந்த ஆஸ்பத்திரிகளில் உயிர்ப்பலி அபூர்வம்தான். அதற்காக முடி வெட்டுகிற மாதிரி சின்ன வேலை என்று நினைத்தால் தப்பு. தையல் போட்ட இடம் கசிந்தால் ஆபத்து. முதல் சில நாட்களில் நாடி படபடவென்று அடிப்பது, காய்ச்சல், வயிற்றில் கடும் வலி... இவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

70 கிலோ போதுமா?

யாருக்கு இந்த ஆபரேஷன் என்பதில்தான் குழப்பம். 5 அடி 3 அங்குல உயரமுள்ள ஒருவரை வைத்துக் கணக்குப் போடலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளின் விதிப்படி, அவர் 102 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். அல்லது 90 கிலோவுடன் கட்டுக்கு அடங்காத சர்க்கரை, இருதய நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்ற ஏதாவது ஒன்று இருந்து, மற்ற வழிகள் எல்லாம் பலிக்காமல் போயிருக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். பாலிசி எடுத்த மறுநாளே பணம் வராது, காத்திருப்புக் காலம் உண்டு.

ஆனால் 2022ல் சர்வதேச டாக்டர்கள் சங்கங்கள் வெளியிட்ட விதியோ ஆசியர்களுக்கு வரம்பை நன்றாகக் குறைத்துவிட்டது. அந்தக் கணக்கில் இதே ஆள் 70 கிலோ தாண்டினாலே ஆபரேஷன் பற்றிப் பேசலாம்! நம் உடம்பில் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்பது அதற்குக் காரணம். காரணம் சரிதான். ஆனால் 70 கிலோ என்றால் பஜாரில் பாதிப் பேர் தேறுவார்கள். விளம்பரக்காரர்களுக்குக் கொண்டாட்டம்!

இந்த இரண்டு வரம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர் கதைதான் பரிதாபம். டாக்டர் "செய்யலாம்" என்பார். இன்சூரன்ஸ் "முடியாது" என்னும். தனியாரில் செலவோ லட்சக்கணக்கில். தறியை அடகு வைத்துச் செய்துகொள்கிறவர், அதற்குப் பிறகு வரும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன்...

முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம்தான். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. பிறகு குழைந்த சோறு, இட்லி, அவித்த முட்டை. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிறது. அப்போதும் ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். அதைச் சாப்பிட 20, 30 நிமிஷம். ஒவ்வொரு வாயும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் அடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஷிப்டு மணி அடிப்பதற்குள் பத்தே நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்து பழகியவருக்கு இது லேசான காரியமா?

தண்ணீர் விஷயம் இன்னும் தொல்லை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி தள்ளித்தான். அதையும் மடக் மடக்கென்று குடிக்க முடியாது, வாய் வாயாகத்தான். ஆனால் நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். கத்திரி வெயிலில் திருத்தணி வட்டாரம் எப்படிக் கொதிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தறிக்கூடத்தில் நிற்பவர் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்க நனைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது புரதம். நாளைக்கு 60 கிராம் வேண்டும் என்கிறார்கள். ஒரு இட்லியில் 2 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 மில்லி பாலில் 3 கிராம். சோறும் ரசமும் கூழும் சாப்பிட்டு 60 எப்படித் தேறும்? அதுவும் சின்னக் கிண்ணத்தில்! அதனால்தான் தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு, பன்னீர். இடம் மிச்சம் இருந்தால் சோறு. காலங்காலமாகச் சோற்றைக் குவித்து நடுவில் குழம்பை ஊற்றிய வீட்டில் இது தலைகீழ் பாடம். சுத்த சைவக்காரர்களுக்குப் புரதப் பவுடர் இல்லாமல் பெரும்பாலும் நடப்பதில்லை. அதுவும் மாதச் செலவு.

புரதம் குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும். மூன்றாவது மாதம் தொடங்கி முடி கொட்டும். பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும் என்றாலும், சீப்பைப் பார்த்து அழாத பெண்கள் குறைவு.

பைபாஸ் செய்துகொண்டவர் ஆடிக்கிருத்திகைக்குச் சர்க்கரைப் பொங்கலை ஒரு கை பார்த்தால் என்ன ஆகும்? இனிப்பு நேரே குடலில் போய்க் கொட்டும். நெஞ்சு படபடக்கும், வேர்த்து ஊற்றும், வயிறு பிசையும், பேதியாகும். ஒரு தடவை அனுபவித்தவர் மறு தடவை தொடமாட்டார். சாராயக் கடைப் பக்கமும் போகக் கூடாது. முன்பு நாலு கிளாசில் ஏறியது இப்போது ஒன்றிலேயே ஏறிவிடும்.

வலி மாத்திரை உஷார்!

தறிக்காரர்களுக்கு முட்டிவலி, இடுப்புவலி கூடவே பிறந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வது வழக்கம். பைபாஸ் ஆனவர் கண்ட வலி மாத்திரையைப் போட்டால் இணைத்த இடத்தில் புண் வரும், ரத்தம் கசியும். பீடி, சிகரெட்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசு முழுக்க உண்டு. வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் பி1 சத்து வற்றி, பார்வை மங்கி, நடை தள்ளாடும் அளவுக்குப் போய்விடும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை ஆபரேஷனுக்குப் பிறகு பழைய அளவிலேயே விழுங்குவதும் ஆபத்து. எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம். பெண்கள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

இதற்கெல்லாம் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, டாக்டரிடம் ஆஜர். பொதட்டூர்பேட்டையிலிருந்து சென்னை போய் வர ஒரு நாள் கூலி போச்சு. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சத்துக்குறைவு சத்தமில்லாமல் வருவது அப்போதுதான். ரத்தப் பரிசோதனையையாவது பக்கத்திலேயே செய்து ரிப்போர்ட்டை அனுப்பலாமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வீட்டுப் பேச்சு

இதைவிடப் பெரிய சோதனை உறவுக்காரர்கள். "என்னம்மா இது, குருவி மாதிரி கொத்தறே? இன்னும் ரெண்டு வெச்சுக்கோ!" கல்யாணப் பந்தியில் இலையில் மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்தால் "சர்க்கரையா? வேற ஏதாச்சுமா?" என்று காதோடு காதாகப் பேச்சு. ஆபரேஷன் செய்ததை மறைத்தவர்கள் இரட்டைத் தொல்லையில் மாட்டுகிறார்கள். சமைப்பவரிடமாவது உள்ளதைச் சொல்லாமல் இந்தச் சாப்பாட்டு முறை ஒரு வாரம் தாங்காது.

பலன் இல்லையா? உண்டு. கூடுதலாக இருந்த எடையில் பாதிக்கு மேல் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் இறங்குகிறது. பலருக்குச் சர்க்கரை அடங்குகிறது. முட்டி வலி குறைகிறது. அதன் பிறகு எடை ஒரு இடத்தில் நின்றுவிடும். மிக்சரும் கூல்டிரிங்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் மெல்ல ஏறவும் செய்யும். சின்ன வயிற்றில் கெட்டிச் சோறுதான் அடைக்கும். ஜூஸ் வழுக்கிக்கொண்டு போய்விடும்!

2025ல் மவுஞ்சாரோ, வெகோவி என்ற வார ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, "கத்தி வேண்டாம், ஊசி போதும்" என்கிறவர்கள் கூடிவிட்டார்கள். பசி அடங்குகிறது, எடை இறங்குகிறது. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஓர் ஆய்வு காட்டியது. ஆரம்ப வாரங்களில் குமட்டலும் வாந்தியும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல அது.