‘பராமரிப்பு’ என்ற கணக்கில் ஒளிந்திருப்பது யார்?

அரக்கோணம் போன்ற ரயில்வே ஊர்களிலும் இப்போது மனைப்பிரிவுக்கு மனைப்பிரிவு குடியிருப்போர் நலச் சங்கம். சந்தா பாக்கி வைத்தவர் பெயர் மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய யாரை அழைத்தார்கள், அவர் உள்ளே இறங்கினாரா என்பது மட்டும் எந்த அறிக்கையிலும் வராது. வரவு செலவில் அது ‘பராமரிப்பு’ என்ற ஒற்றைச் சொல்.

கேட்டால், ‘கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டோம்’ என்பார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிக் கைகழுவ விடவில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொட்டிக்குள் இறக்கினால் குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இதை எந்தச் செயலாளராவது உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியதுண்டா? இறங்குகிறவர் என்ன சாதி என்பது இவர்களுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தில், டிபன் பரிமாறும் முன்பே எழுந்து கேளுங்கள்: போன முறை வந்தது இயந்திரமா, மனிதரா? அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? பதிலை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.