துணி கிழிந்தால் ஆளைத் திட்டாதீங்க!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, "மேலே மூடி திறக்கிற பழைய வாஷிங் மெஷின் எல்லாம் துணி தின்னி. பேசாமல் எடைக்குப் போட்டுவிட்டு, முன்பக்கம் கதவு வைத்த மெஷினாக வாங்கிவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு 'துணி தின்னி' உண்டு. ஆனால் துணி கிழிந்தபோது நான் மெஷினைத் திட்டவில்லை. ஒரு மனுஷியைத் திட்டினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மெஷின் 1996-ல் தவணையில் வாங்கியது. தொட்டியின் நடுவில் கம்பம் மாதிரி ஒன்று நிற்கும், அதில் இறக்கை போல மடிப்புகள் இருக்கும். அஜிடேட்டர் என்பார்கள். அது இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறித் திரும்பித் துணியை அலசும். இரட்டைத் தொட்டி மெஷினில் கம்பத்துக்குப் பதிலாக அடியில் ஒரு தட்டு சுற்றும். எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். தொட்டியில் தாராளமாகத் தண்ணீர் இருக்கணும், அதில் துணி மீன் மாதிரி நீந்தணும். மேலே இருப்பது கீழே போய், கீழே இருப்பது மேலே வரணும். அப்படி நடந்தால் அழுக்கும் போகும், துணியும் பிழைக்கும்.

இது எனக்கு அப்போது தெரியாது. மெஷின் என்றால் போட வேண்டியது, எடுக்க வேண்டியது, அவ்வளவுதான் என்று 23 வருஷம் ஓட்டிவிட்டேன்.

2019 கோடை சென்னைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வற்றிப்போய், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோம். அப்போது எங்கள் வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டேன். 'மெஷினில் தண்ணீர் அளவைக் குறைவாக வைக்கணும். இரண்டு நாள் துணியைச் சேர்த்து ஒரே தடவையில் போட்டுவிடணும்.' சிக்கனம் பண்ணுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு!

ஒரு மாதம் ஆகவில்லை. துண்டெல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது. என் வீட்டுக்காரரின் பனியனில் அரிசி அரிசியாக ஓட்டை. மகளின் ரேயான் குர்தி இடுப்பில் விட்டுப்போச்சு. கடைசியில் ஒருநாள் என் மதுரைச் சுங்குடிப் புடவை முந்தானை ஓரம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து கொடியில் தொங்கியது. என் அம்மா கடைசியாக எனக்கு எடுத்துக் கொடுத்த புடவை அது.

எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்த அம்மாதான் மெஷினில் துணி போட்டு, எடுத்து, உலர்த்துவார்.

"ஏம்மா, கொடியில போடறப்ப இழுத்துக் கிழிச்சியா? கண்ணைத் திறந்து வேலை செய்யக்கூடாதா?" என்று கத்தினேன்.

"இல்லம்மா, எடுக்கறப்பவே கம்பத்துல முறுக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. நான் மெதுவாத்தான் பிரிச்சேன்" என்றார்.

நான் கேட்கவில்லை. "இப்பல்லாம் யாருக்கு வேலையில கவனம் இருக்கு?" என்று மாமியாரும் தன் பங்குக்குச் சொன்னார். அந்த மாதச் சம்பளத்தில் 300 ரூபாய் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து வேலையை விட்டு நின்றுவிட்டார். 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வேறு ஒருவர் வேலைக்கு வந்தார். துணி கிழிவது மட்டும் நிற்கவில்லை! அந்த வருஷக் கடைசியில் மெஷின் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் நடுக்கம்பத்தைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் அடியில் இரண்டு ஊக்கு, ஒரு ரூபாய்க் காசு மூன்று, ஜாக்கெட் கொக்கி, உள்ளாடைக் கம்பி ஒன்று. அவற்றோடு என் சுங்குடிப் புடவையின் அரக்கு நிற நூல் பந்து மாதிரி சுருண்டு கிடந்தது. கம்பத்தின் ஓர் இறக்கை அடியில் சில்லுச் சில்லாக உடைந்திருந்தது.

"கையை வெச்சுப் பாருங்கம்மா" என்றார். ரம்பம்தான்.

"தண்ணி எவ்வளவு வைக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "துணி ஜாஸ்தி, தண்ணி கம்மி. அப்ப துணி புரளாதும்மா. ஒரே இடத்துல நின்னு கம்பத்தோட தேஞ்சுக்கிட்டே இருக்கும். புடவை நீளமா இருக்கறதால சுத்திக்கும், அடியில இருக்கற இடுக்குல மாட்டும். அப்புறம் கிழியாம என்ன செய்யும்?" என்றார்.

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கம்பத்தை மட்டும் புதிதாக மாற்றினோம். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய ஷிபான் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு தொட்டியின் உள்பக்கம், கம்பம், தட்டு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள. எங்கே துப்பட்டா மாட்டி இழுக்கிறதோ அங்கேதான் உங்கள் துணியும் கிழிகிறது.

மெஷினில் ஆறு கிலோ என்று போட்டிருந்தால் அது காய்ந்த துணியின் எடை. ஒரு ஜீன்ஸ் பேன்ட் முக்கால் கிலோ வரை இருக்கும், டபுள் பெட்ஷீட் ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். தொட்டியை அமுக்கி அமுக்கி நிரப்பாதீர்கள். தண்ணீர் கஷ்டம் என்றால் துணியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்துவைத்து அடுத்த நாள் துணியை ஊறவைக்கலாம், வாசல் கழுவலாம்.

புடவையை மடித்து வலைப்பையில் போட்டால் கம்பத்தில் சுற்றாது. கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, துணியை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். சட்டைப் பையில் காசு, பிளவுஸில் ஊக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பருத்தி நனைந்தால் பலம் கூடும். ரேயான் நேர் எதிர், நனைந்தால் பலம் குறைந்துவிடும். இப்போது நாம் நைட்டி, குர்தி என்று வாங்குவதில் பாதி ரேயான்தான். அதை ஜீன்ஸோடு சேர்த்துப் போட்டால் அது எப்படித் தாங்கும்? தனியாக, குறைந்த நேரம் ஓட்டுங்கள். பட்டு, கம்பளி பக்கம் பிளீச்சிங் போகவே கூடாது. பருத்தியிலும் நேராக ஊற்றினால் அந்த இடம் இற்றுப்போகும், அடுத்த சலவையில் ஓட்டை விழும். பழியை மெஷின் சுமக்கும்!

பில்டரில் பஞ்சு பஞ்சாகச் சேருகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? எல்லாம் நம் துணியின் நூல்தான். ஒருநாள் கட்டிய புடவைக்கும், விளையாடிவிட்டு வந்த பையனின் நிக்கருக்கும் ஒரே 15 நிமிஷம் எதற்கு? அரைமணி ஊறவைத்து, கழுத்துப்பட்டையை மட்டும் கையால் தேய்த்துவிட்டால் பாதி நேரம் போதும்.

முன்பக்கக் கதவு மெஷின் நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை. அதில் துணி உருண்டு உருண்டு விழுமே தவிர, கம்பத்தில் உரசுவது கிடையாது. தண்ணீரும் கம்மி. அந்தச் சகோதரி சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் விலை எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? முழங்கால் வலியோடு குனிந்து குனிந்து துணி எடுக்க எல்லாராலும் முடியுமா? கல்லில் அடித்துத் துவைத்த காலத்தில் பொத்தான் உடையாத சட்டை யார் வீட்டில் இருந்தது? எந்த வழியில் துவைத்தாலும் துணி தேயத்தான் செய்யும். எவ்வளவு தேயணும் என்பது நம் கையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மெக்கானிக் வந்துபோன மறுவாரம், அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். 300 ரூபாயை நீட்டி, "தப்பு என் மேலதாம்மா, மன்னிச்சுக்கோ" என்றேன்.

பணத்தை வாங்கவே இல்லை. "பணம் கிடக்கட்டும்மா. நான் கிழிக்கலைன்னு உங்க மாமியார்கிட்டயும் சொல்லிடுங்க. அது போதும்" என்றார்.

சொன்னேன். மாமியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த அம்மா திரும்ப எங்கள் வீட்டு வேலைக்கு வரவில்லை. வேறு இடம் பிடித்துவிட்டாராம். அந்த 300 ரூபாய் இன்னமும் என் அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே தனியாக இருக்கிறது. செலவழிக்க மனசு வரவில்லை.

கிழிந்த புடவையை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்துவிட்டேன். ஒன்பது வருஷம் நம் வீட்டுப் பாத்திரத்தையும் துணியையும் தன்னுடையது போலப் பார்த்துக்கொண்ட ஒருவரை ஒரு வார்த்தையில் இழந்தேனே, அதை எந்த ஊசி நூலால் தைப்பது?

ஆகவே சகோதரிகளே, துணி கிழிந்தால் முதலில் மெஷின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஆள் மேல் பழி போடுவதற்கு முன் அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழியுங்கள்.

- ஓர் இல்லத்தரசி, நங்கநல்லூர்