நோயுற்ற வீட்டில் ஒரு நூற்கண்டு

நுழையும்முன்

வீட்டில் ஒருவர் நோயுற்றால் அனைவரின் கவனமும் நோயாளியின்மீது குவிகிறது. அவரைப் பேணுபவரின் மனநிலையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நூலும் நாரும் கொண்டு செய்யப்படும் எளிய கைவினைகள் பேணுவோருக்கு எவ்வாறு துணைநிற்கின்றன, அத்துணையின் எல்லை எது என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எல்லையோர ஊரும் நார்த்தொழிலும்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே, சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் கொழிஞ்சாம்பாறை. தமிழக எல்லையை ஒட்டிய இவ்வூரில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. கேரளத்தில் கரிசல்மண் காணப்படும் பகுதி சித்தூர் வட்டாரமே. அம்மண்ணில் முற்காலத்தில் பருத்தி விளைந்தது. இன்றும் பனையும் தென்னையும் நிற்கின்றன. ஆகவே நூலும் நாரும் இவ்வட்டார மக்களுக்குப் புதியன அல்ல. நார்க்கட்டில், பனையோலைப் பெட்டி, தேங்காய் நாரில் திரித்த கயிறு, வாழைநாரில் தொடுத்த பூச்சரம் ஆகியவை அவர்களின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றவை.

வேலை தேடி இவ்வூர்களிலிருந்து பலர் வெளியேறியுள்ளனர். கோயம்புத்தூர், பெங்களூரு, வளைகுடா நாடுகள் எனப் பிள்ளைகள் பல திசைகளில் வாழ, முதியோர் ஊரிலேயே தங்கிவிடுகின்றனர். முதியவர் ஒருவர் பக்கவாதத்தாலோ புற்றுநோயாலோ படுக்கையில் விழும்போது, குடும்பத்தில் யாரேனும் ஒருவர் தம் வேலையைவிட்டு அவரருகே தங்க வேண்டியதாகிறது. பெரும்பாலும் அவர் ஒரு பெண்; மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். நோயாளிக்கு மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. பேணுபவருக்கு என்ன இருக்கிறது என்னும் வினாவே இங்கு ஆராயத்தக்கது.

காத்திருத்தல் என்னும் சுமை

நோயாளியைப் பேணுவதில் உடலுழைப்பு மிகுதி என்பதை யாவரும் அறிவர். தூக்கி உட்காரவைத்தல், குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் எனப் பணிகள் தொடர்கின்றன. ஆயினும் அவ்வுழைப்பைக் காட்டிலும் கடினமான ஒன்று உண்டு, அது காத்திருத்தல். காலை மருந்துக்கும் நண்பகல் மருந்துக்கும் இடையில், பரிசோதனை முடிவு வரும்வரையில், நோயாளி கண்ணயர்ந்து மீண்டும் விழிக்கும்வரையில், பேணுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவ்விடத்தைவிட்டு அகலவும் இயலாது. கைகள் ஓய்ந்திருக்கும் அந்நேரத்தில்தான் மனம் அச்சங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்குகிறது.

இந்நிலையில் நூல்வேலை தரும் உதவி தனித்தன்மை வாய்ந்தது. நூலைப் படிக்கும்போது கண் பக்கத்தில் பதிந்துவிடுகிறது; நோயாளியின் முனகல் காதில் விழாமற் போகலாம். குரோஷா ஊசியால் பின்னுபவரோ ஒவ்வொரு கண்ணிக்கும் ஒருமுறை தலைநிமிர்ந்து நோயாளியைப் பார்க்க முடியும். அவர் அழைத்தால் வேலையை அப்படியே மடியில் வைத்துவிட்டு எழலாம். திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இவ்வேலைக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டும் போதும். ஓசையும் எழுவதில்லை. நோயறையின் இயல்புக்கு இத்துணை பொருந்திவரும் வேலைகள் வேறு சிலவே.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. நோயில் நேர்ந்ததை மாற்ற முடிவதில்லை. முன்பே மருத்துவரிடம் சென்றிருக்கலாம், அந்த மாத்திரையைத் தவறாமல் கொடுத்திருக்கலாம் என்று மனம் புலம்பினாலும், சென்ற நாள் மீள்வதில்லை. நூலில் நேர்ந்த பிழையையோ மாற்ற முடியும். ஒரு கண்ணி தவறினால் இழையை இழுத்துப் பிரித்து மீண்டும் பின்னலாம். நாள் முழுதும் எதையும் முடிவுக்குக் கொண்டுவர இயலாத ஒருவர், மாலையில் ஒரு வரிசையை முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு வரிசை அளவில் சிறியது. ஆயினும் அவர் கைக்கு அடங்கிய ஒன்று இன்னும் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகிறது.

மருத்துவம் கண்ட வழி

கைவினையின் இப்பயனை மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தது. அமெரிக்கச் செவிலியர் சூசன் டிரேசி என்பவர், நோயாளிகளுக்கு ஏற்ற கைவேலைகளைப் பற்றிச் செவிலியருக்குரிய கையேடு ஒன்றை 1910ஆம் ஆண்டு வெளியிட்டார். 1917ஆம் ஆண்டு அந்நாட்டில் தொழில்வழிச் சிகிச்சைக்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குக் கூடை முடைதல், நெசவு, பின்னல் ஆகியவை மருத்துவமனைகளிலேயே கற்பிக்கப்பட்டன. இந்தியாவில் 1950ஆம் ஆண்டு மும்பையில் இத்துறைக்கான முதற் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் உடலுக்கு நேரும் மாற்றத்தையும் அறிவியலார் ஆராய்ந்துள்ளனர். ஒரு சொல்லையோ ஓசையையோ அசைவையோ மீண்டும் மீண்டும் நிகழ்த்தி அதில் மனத்தை நிறுத்தினால், இதயத்துடிப்பும் மூச்சும் தணிந்து உடல் தளர்வுநிலை எய்தும் என்பதை ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். பூத்தொடுக்கும் விரல்களும் கயிறு திரிக்கும் உள்ளங்கைகளும் இவ்வுண்மையை நெடுங்காலமாகவே பட்டறிந்திருக்கும்.

அன்பின் அடையாளமான இழை

நூல் ஆறுதல் தருவதற்கு, அது பிறருக்காக நெய்யப்படுவதும் ஒரு காரணம். காந்தியடிகள் நூல் நூற்பதைத் தம் அன்றாடக் கடமையாகக் கொண்டவர். பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறையில் 1923ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சபரி ஆசிரமத்திற்கும் அவர் வந்துள்ளார். 1942ஆம் ஆண்டு அவரும் கஸ்தூரிபாயும் புனே நகரின் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டனர். அங்கு நோயுற்ற கஸ்தூரிபாய் 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். காந்தியடிகள் நூற்ற நூலால் நெய்த சேலையே அவர் உடலுக்கு அணிவிக்கப்பட்டது. கணவரின் கை நூற்ற இழை, மனைவியின் இறுதிப் பயணம்வரை உடன்சென்றது.

உலகின் மறுபக்கத்தில் நிகழ்ந்த ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயரைச் சொல்லவும் பலர் அஞ்சிய காலத்தில், அமெரிக்காவில் அவர்களுடைய உற்றார் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பகுதி தைத்தனர். மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்ட அப்பகுதிகளில் 1,920, 1987ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வாஷிங்டன் நகரின் திறந்தவெளியில் விரிக்கப்பட்டன. வாய்விட்டு அழ இடமற்றவர்கள் ஊசியால் தம் துயரத்தை எழுதினர் எனலாம்.

தடைகளும் விளக்கங்களும்

கைவினைக்கு எதிராகக் கூறப்படும் கருத்துகள் சில உண்டு. அவற்றுள் முதலாவது ஊராரின் பழிச்சொல். “மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், மருமகள் பூவேலை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்” என்று பேசுவோர் எவ்வூரிலும் இருப்பர். துயரமுற்றவர் துயரமாகவே காட்சியளிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே இப்பேச்சின் அடிப்படை. ஓராண்டு, ஈராண்டு எனப் பேணல் நீளும்போது, தம் மனத்தைக் காத்துக்கொள்ளாதவர் பிறரைக் காக்கும் வலிமையையும் இழப்பார். ஆகவே அந்தப் பூவேலையும் நோயாளிக்குச் செய்யும் தொண்டின் ஒரு பகுதியே ஆகும்.

கைப்பேசி இருக்க ஊசி எதற்கு என்பது இரண்டாவது கருத்து. கைப்பேசியால் நேரம் கழியும் என்பது உண்மை. ஆனால் அதில் கழிந்த நேரம் கையில் எதையும் விட்டுச்செல்வதில்லை. நோயைப் பற்றி அதில் தேடுவோருக்குப் பல வேளைகளில் அச்சமே மிகுகிறது.

மூன்றாவது கருத்து மறுக்கத்தக்கதன்று. நாரும் நூலும் எல்லோருக்கும் ஆறுதல் தருவதில்லை. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னைநார்த் தொழிலில் கூலிக்கு உழைப்பவருக்கு நார் என்பது பிழைப்பு. உள்ளங்கை காய்த்துப்போகும் பணி. வீடு திரும்பிய அவரிடம் கயிறு திரித்து மனத்தை ஆற்றிக்கொள்ளச் சொல்வது அறிவீனம். இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஆறுதல் நூலில் மட்டும் இல்லை. விரும்பியபோது எடுக்கவும் விரும்பியபோது வைக்கவும் உரிய உரிமையிலும் இருக்கிறது. ஒருவருக்குப் பின்னல் எனில், மற்றொருவருக்குத் தோட்டமோ பாட்டோ அவ்விடத்தை நிரப்பலாம்.

நான்காவதாக, கைவினையைக் காட்டிப் பேணும் பொறுப்பை ஒருவர் தலையிலேயே சுமத்திவிடும் இடர் உண்டு. “அவளுக்கென்ன, பின்னிக்கொண்டே பார்த்துக்கொள்வாள்” என்று பிறர் ஒதுங்குவது நேர்மையன்று. நூற்கண்டை வாங்கித் தருவதோடு, வாரத்தில் ஒரு நாளேனும் அவர் இடத்தில் அமர்ந்து அவரை உறங்கவிடுவதும் உறவினர் கடன். அந்த ஒருவர் மகனாக இருப்பதிலும், அவர் ஊசி பிடிப்பதிலும் இழிவேதும் இல்லை.

சமூகத்தின் பங்கு

இவ்வகையில் கேரளம் பிற மாநிலங்களுக்கு முன்னோடி. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய வலிதணிப்புப் பேணல் இயக்கம் படிப்படியாகப் பரவியது. 2008ஆம் ஆண்டு மாநில அரசு இதற்கெனக் கொள்கை ஒன்றை வகுத்தது. பாலியேட்டிவ் செவிலியர் என மக்கள் அழைக்கும் பணியாளர், ஊராட்சியின் துணையோடு படுக்கையிலுள்ள நோயாளிகளின் வீடுகளுக்கே செல்கிறார். தன்னார்வலரும் உடன்செல்வர். உடல்வலியோடு மனவலியையும், நோயாளியோடு குடும்பத்தையும் கருத்திற்கொள்வது இம்முறையின் சிறப்பு.

இத்தகைய வருகையின்போது பேணுபவரின் கைகளையும் நினைவிற்கொள்வது நலம். செவிலியர் புண்ணைத் துடைத்துக் கட்டும் அரைமணி நேரத்தில், தன்னார்வலர் ஒருவர் அவ்வீட்டுப் பெண்ணோடு அமர்ந்து புதியதொரு முடிச்சைக் கற்பிக்கலாம். அவர் அறிந்த முடிச்சைக் கேட்டுக் கற்றுக்கொள்ளவும் செய்யலாம். ஒருவர் மலையாளத்திலும் மற்றவர் தமிழிலும் பேசினாலும், நூல் இருவருக்கும் விளங்கும்.

சிறாருக்கும் ஓர் இடம்

நோயுற்ற வீட்டில் மிகவும் மறக்கப்படுவோர் சிறுவர்களே. “நீ போய் விளையாடு” என்று அவர்கள் வெளியே அனுப்பப்படுகின்றனர். பெரியோர் தாழ்ந்த குரலில் பேசுவதை அவர்கள் கேட்கின்றனர். உண்மை தெரியாததால் உள்ளதைவிடப் பெரிய அச்சத்தைக் கற்பித்துக்கொள்கின்றனர். அவர்களுக்கு வயதுக்கேற்ற உண்மையைச் சொல்வதே முதற்கடமை. அடுத்ததாக, செய்வதற்கு ஒரு வேலை தருதல் வேண்டும். பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து நூற்கண்டைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு, அவ்வறையில் இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. பேசத் தெரியாத நேரத்திலும் அருகில் இருக்க முடிகிறது.

தொலைவில் வாழும் சிறாருக்கும் இது பொருந்தும். கொங்குத் தமிழில் அம்மிச்சி என அழைக்கப்படும் தாய்வழிப் பாட்டி ஊரில் நோயுற்றிருக்க, தில்லியிலோ துபாயிலோ இருக்கும் பேரக்குழந்தை காணொளி அழைப்பில் என்ன பேசுவதென்று தெரியாமல் திகைப்பதுண்டு. அக்குழந்தை ஒரு சதுரத் துணியில் நான்கு பூக்களைத் தைத்து அனுப்பினால், பாட்டி அதைத் தொட்டுப் பார்க்கலாம். திரையைத் தொட்டுப் பயனில்லை. தொலைவிலுள்ள கைகள் ஒன்றுசேர முடியும் என்பதற்குச் சென்னை ஒரு சான்று. பல ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் பின்னிய பகுதிகளைச் சென்னையில் இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை 2016ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். ஒரு குடும்பத்துக்கு அத்துணைப் பெரிய போர்வை தேவையில்லை. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு பகுதி அனுப்பினால் ஒரு கட்டிலுக்குப் போதுமான போர்வை உருவாகிவிடும்.

முடிவாக

நூற்கண்டு நோயைத் தீர்க்காது. மருந்துக்கும் மருத்துவருக்கும் மாற்றாகாது. உறவினர் பகிர்ந்துகொள்ள வேண்டிய உழைப்புக்கும் அது ஈடாகாது. ஆயினும் காத்திருக்கும் கைகளுக்கு அது வேலை தருகிறது. கலங்கும் மனத்துக்கு ஒரு வரிசையேனும் ஒழுங்கைத் தருகிறது. நோயாளியைக் காணச் செல்வோர் பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்வது வழக்கம். அவரைப் பேணுபவருக்கும் ஒன்று எடுத்துச் செல்லும் வழக்கம் உருவாக வேண்டும். அது ஒரு நூற்கண்டாக இருக்கலாம். ஒரு பிற்பகல் ஓய்வாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்திருப்பின் மிக நன்று.

சொல்லும் பொருளும்

பேணுதல் – கவனித்துக் காத்தல்
கண்ணி – பின்னலில் நூல் வளைந்து அமையும் வளையம்
முடைதல் – ஓலை, பிரம்பு முதலியவற்றைப் பின்னுதல்
நூற்றல் – பஞ்சைத் திரித்து நூலாக்குதல்
பட்டறிதல் – அனுபவத்தால் அறிதல்
உற்றார் – நெருங்கிய உறவினர்
ஈடு – சமமானது

சிந்தனை வினாக்கள்

1. நோயறையில் நூலைப் படிப்பதற்கும் நூலைப் பின்னுவதற்கும் இடையே கட்டுரை காட்டும் வேறுபாடு யாது?
2. தென்னைநார்த் தொழிலாளரைப் பற்றிய பகுதி, கட்டுரையின் கருத்தை வலுப்படுத்துகிறதா, மறுக்கிறதா? காரணம் தருக.
3. “ஊசியால் தம் துயரத்தை எழுதினர்” – விளக்குக.
4. உங்கள் குடும்பத்தில் வழங்கும் நார் அல்லது நூல் சார்ந்த கைவினை ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதன் செய்முறையை ஒரு பத்தியில் எழுதுக.