ஒரு நாள் விட்டு ஒரு நாள்

சாயந்திரம் ஏழு மணிக்கு எங்கள் தெரு மருந்துக் கடை வாசலில் நின்றால் பேட்டையின் சர்க்கரை நிலவரம் முழுக்கத் தெரிந்துவிடும். 'வெறும் வயித்துல 160 சார்.' 'அட, எனக்கு 210!' பத்தாம் கிளாஸ் மார்க் மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

2025 ஏப்ரலில் அங்கே பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். சீட்டை நீட்டி, "பதினைஞ்சு மட்டும் குடுப்பா" என்றார். கடைப் பையன் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கினான்.

"ரெண்டு வாரத்துக்கா சார்?"

"ஒரு மாசத்துக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். மாத்திரை ஒண்ணு அறுபது ரூபா சார்! முழுசாப் போட்டா மாசம் ஆயிரத்து எண்ணூறு. சுகர் குறையுதோ இல்லையோ, பென்ஷன் குறையுது."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"சொன்னா திட்டுவார்."

டாக்டர் பாவம், மூன்று மாத சராசரி 9-க்கு மேல் இருப்பதைப் பார்த்து, மாத்திரை போதவில்லை என்று இன்னொன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இவர் அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்!

சீட்டை வாங்கிப் பார்த்தேன். எம்பாகிளிஃப்ளோசின். ரத்தத்தில் இருக்கும் உபரி சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் சரக்கு. (கொடுத்த காசும் அதே வழியில்தான் போகிறது என்பது நண்பர் கட்சி.) இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் பேடண்டை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மாதிரி ஆசாமிகள் அப்புறம் அதிகம் பிறக்கவில்லை.

ஆனால் பேடண்டுக்கும் ஆயுசு உண்டு. எம்பாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்தது. உடனே பல கம்பெனிகள் குதித்து, அதே மருந்து பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-லும், சிட்டாகிளிப்டினுக்கு 2022-லும் இதே கதைதான் நடந்தது.

"அப்போ இவர் ஏன் அறுபது ரூபா குடுக்கறார்?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"சீட்டுல எழுதின பிராண்டை நானா மாத்திக் குடுக்கக் கூடாது சார். ரூல். டாக்டரை மருந்து பேரை எழுதச் சொல்லுங்க, பத்து தினுசு காட்டறேன்" என்றார். நியாயம்.

மத்திய சர்க்காரின் மக்கள் மருந்தகம் 2008-லிருந்து இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆயிரம் இடங்களில் முதல்வர் மருந்தகம் திறந்தது. அங்கேயும் விலை குறைவு. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நண்பர் இரண்டையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "விலை கம்மின்னா வேலை செய்யுமா சார்?" என்கிறார். அறுபது ரூபாய் மாத்திரை அலமாரியில் தூங்கிய நாளெல்லாம் எப்படி வேலை செய்தது என்று நான் கேட்கவில்லை.

மறுவாரம் டாக்டரிடம் துணைக்குப் போனேன். தொண்டையைக் கனைத்து, காலண்டரைப் பார்த்து, ஒருவழியாக உண்மையைச் சொன்னார். டாக்டர் திட்டத்தான் திட்டினார். "கிட்னியை வெச்சு விளையாடறீங்களா? காசு கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற எழுதியிருப்பேனே!" புதிதாகச் சேர்த்த மாத்திரையை அடித்தார். பிராண்ட் பெயரையும் அடித்து மருந்துப் பெயரை எழுதினார். "முப்பது நாளும் போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

அன்று சாயந்திரம் அதே கடை. இவர் தலையைப் பார்த்ததுமே பையன் கத்தரிக்கோலை எடுத்தான்.

"அதைக் கீழே வைப்பா" என்றார் நண்பர். "மூணு அட்டை. முழுசா."