"நாங்களும் லயத்தில் வளர்ந்தவர்கள்தானே?"

பள்ளி திறக்கும் வாரத்தில் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலிருந்தும் பெற்றோருக்கு ஓர் அறிவிப்பு வரும். முன்பு தாளில் வந்தது, இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. காய்ச்சல் இருந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள், தடுப்பூசிப் பாரத்தில் கையெழுத்திடுங்கள், இழுப்பு உள்ள பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கும். எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தஞ்சோங் காராங்கில் தொடங்கி புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வரைக்கும் அதற்கு வீட்டில் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "நாங்கல்லாம் லயத்துல வளந்தவங்க. எங்களுக்கு யாரு இதெல்லாம் சொன்னா? நல்லாத்தானே இருக்கோம்?"

சொல்பவர்களில் பலர், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள். பிள்ளைமேல் அக்கறை இல்லாமல் அவர்கள் பேசவில்லை. அதனாலேயே இந்தப் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு அதிகம். அதனாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது.

முதலில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது சரியான நினைவு இல்லை. 1901ல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்தே மலேரியாவைக் குறைக்கலாம் என்று செய்துகாட்டினார். அதன் பிறகு மலாயாத் தோட்டங்களில் வடிகால் வெட்டுவதும் தேங்கிய நீரில் எண்ணெய் தெளிப்பதும் அன்றாட வேலையாயின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மேல் பல கடமைகளைச் சுமத்தியது. நிர்வாகம் அவற்றைப் பிள்ளைகள் மீதான பாசத்தால் செய்யவில்லை; ஆள் படுத்தால் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும் என்பதற்காகச் செய்தது. எதற்காகச் செய்திருந்தாலும், லயத்தைச் சுற்றிவர ஒரு டிரெஸ்ஸர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர், இருந்தார். காலையில் பெரட்டுக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. ஆயாக்கொட்டகையில் பிள்ளை சுருண்டு கிடந்தால் வெளிக்காட்டில் இருக்கும் தாய்க்குத் தகவல் போனது.

அப்படி இருந்தும் எல்லாரும் பிழைத்துவிடவில்லை. அந்தத் தலைமுறைப் பாட்டி ஒருவரிடம் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். இருப்பவர்களை எண்ணிச் சொன்ன பிறகு, "தவறிப்போனது ரெண்டு" என்று சேர்த்துச் சொல்வார்கள். "நல்லாத்தானே இருக்கோம்" என்ற கணக்கில் அந்த இரண்டு பேர் வருவதில்லை.

லயத்தின் அந்த ஏற்பாடும் இன்று இல்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ல் நடப்பட்டது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரத்தில்தான். ரப்பர் போய்ச் செம்பனை பரவியது. பிறகு தோட்டங்கள் துண்டாகின. நம் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறின. டிரெஸ்ஸரும் ஆயாக்கொட்டகையும் நம்மோடு வரவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்ட வேலையை இன்று குடும்பம்தான் பார்க்க வேண்டும். பள்ளி அனுப்பும் அறிவிப்பு அந்த வேலையின் பட்டியல்.

அடுத்தது, எல்லாவற்றிலும் ஆபத்தானது: "பெனடோல் குடுத்தாச்சு, சூடு இறங்கிருச்சு, பள்ளிக்குப் போகட்டும்." பெனடோல் சூட்டை நான்கைந்து மணி நேரம் இறக்கி வைக்கும். நோய் அங்கேயே இருக்கும். காலை ஆறு மணிக்குக் கொடுத்த மருந்து பத்து மணி ஓய்வு நேரத்தில் தீர்ந்துபோகும். பிள்ளை மேசையில் தலை சாய்த்துப் படுத்திருக்கும்.

டிங்கியில் இது இன்னும் மோசம். மற்றக் காய்ச்சல்களில் சூடு விட்டால் குணம் என்று நமக்குப் பழகியிருக்கிறது. டிங்கியில் சூடு இறங்கும் நேரம்தான் அபாய நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இந்தக் கட்டம் ஒன்று முதல் இரண்டு நாள் நீடிக்கும். நெற்றி குளிர்ந்திருக்கும், தாய்க்கு நிம்மதி வந்திருக்கும், உள்ளே இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் இரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, கூப்பிட்டால் சோர்ந்து விழிப்பது: சூடு இறங்கிய பிள்ளையிடம் இதில் ஒன்று தெரிந்தாலும் அது பள்ளிக்குப் போகிற நாள் இல்லை, தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போகிற நாள். சந்தேகமான காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகை மருந்துகளைத் தொடவே கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளேட்லெட் ஏறட்டும் என்று நம் வீடுகளில் அரைத்துக் கொடுக்கிறார்கள். டிங்கியில் பிள்ளையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த நீர்க்கசிவு. அதைச் சாறு நிறுத்தாது. சாற்றை நம்பி மருத்துவமனைக்குப் போவதை ஒரு நாள் தள்ளினால் அந்த ஒரு நாள் திரும்ப வராது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். "இன்னிக்கு எத்தனாவது நாள் காய்ச்சல்" என்பதை எண்ணி வைத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மூன்றாவது பேச்சு இந்த வட்டாரத்துக்கே உரியது: "சுத்தியும் வயல், தாலி ஆயர் வாய்க்கால், கொசு இருக்கத்தான் செய்யும், என்ன பண்றது?" வயலில் பெருகும் கொசு வேறு இனம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் வயலுக்குப் போவதில்லை. வீட்டையும் பள்ளியையும் ஒட்டி, சுத்தமான நீர் தேங்கிய வாளியிலும் பூச்சாடித் தட்டிலும் கூரைத் தகரக் கால்வாயிலும் முட்டையிடும். வயலைக் கைகாட்டி நாம் விடுகிற பொறுப்பு நம் குளியலறை வாளியிலேயே கிடக்கிறது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து நீர் பட்டதும் பொரியும். பல வாரம் பூட்டிக் கிடந்த பள்ளியின் கழிப்பறைத் தொட்டிகளில் எத்தனை தலைமுறைக் கொசு பிறந்திருக்கும்! அது பகலில் கடிக்கிற கொசு. காலையிலும் மாலை மயங்கும் முன்பும் அதிகம் கடிக்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரமும் அதுவே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டுப்பணி வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வார இறுதியில் நடந்தால்தான் பயன்.

"பம்ப் அடிச்சுப் பழக்கினா காலம் பூரா அது வேணும்" என்பது நான்காவது. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ பிள்ளைகள் இரவெல்லாம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நினைக்கவே மனம் வலிக்கிறது. இழுப்பு மருந்து யாரையும் அடிமையாக்குவதில்லை. மூச்சுக்குழாய் சுருங்கும் தன்மை இருக்கும்வரை மருந்து தேவைப்படுகிறது, அவ்வளவுதான். மருந்தை வாயால் விழுங்குவதைவிட உறிஞ்சும்போது மிகச் சிறிய அளவே போதுமானது. அது நேரே நுரையீரலுக்குப் போகும். நம் வட்டாரத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. அறுவடை முடிந்தால் வைக்கோல் எரியும். வறட்சியில் ராஜா மூசா காட்டின் கரிச்சதுப்பு நிலம் புகையும். 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானுடன் சேர்த்து அவசரநிலை அறிவிக்கப்பட்ட இடம் நம் கோலசிலாங்கூர்தான். இங்கே படிக்கும் இழுப்பு உள்ள பிள்ளையின் பையில் ஒரு பம்ப் இருக்க வேண்டும். எப்போது, எத்தனை முறை கொடுப்பது என்று எழுதிய சீட்டு வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். "பையில சானிடைசர் வச்சிருக்கேன்" என்பவர்களுக்கு: கை, கால், வாய்ப்புண் நோயைத் தரும் கிருமி ஆல்கஹாலுக்கு எளிதில் சாவதில்லை, சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும். 1997ல் சரவாக்கில் பிள்ளைகளின் உயிரைப் பறித்த நோய் அது. கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரம் கிருமி மலத்தில் வெளியேறும் என்பதால், கழிப்பறை போய்வந்து கை கழுவும் பழக்கத்தை இப்போதே பிடித்து வையுங்கள். "கைக்குழந்தையா இருந்தப்பவே ஊசி போட்டாச்சு" என்பவர்களுக்கு: முதலாம் ஆண்டில் போடுவது அந்தப் பாதுகாப்பை மறுபடி உயர்த்தும் ஊசி, 2016ல் தொண்டை அடைப்பான் இந்நாட்டில் மீண்டும் பிள்ளைகளைக் கொன்றதை மறக்க வேண்டாம். "பக்கத்துலதானே பள்ளிக்கூடம்" என்று தலைக்கவசமின்றி மோட்டாரில் மூன்று பேரை ஏற்றுபவர்களுக்கு: வயலோரச் சாலையில் அறுவடை லாரி வரும்போது தூரம் கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று. இதற்கு மட்டும் எனக்கு எளிதான மறுப்பு இல்லை. "நான் லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் போயிரும்." இது உண்மை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்குத் தன் நோய்க்கு விடுப்பு தருகிறது. பிள்ளையின் நோய்க்கென்று ஒரு நாள்கூடத் தரவில்லை. காய்ச்சல் பிள்ளைக்குப் பெனடோல் கொடுத்து அனுப்பும் தாய்மார்களில் பலர் அலட்சியத்தால் அனுப்பவில்லை, வேறு வழியில்லாமல் அனுப்புகிறார்கள். அவர்களிடம் அறிவிப்பை மட்டும் நீட்டுவது நியாயமில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தொழிற்சாலைச் சங்கங்களும் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகச் சம்பளத்தோடு ஆண்டுக்குச் சில நாள் விடுப்பு கேட்க வேண்டும். அது கிடைக்கும்வரை, ஒரே வேனில் பிள்ளைகளை அனுப்பும் நான்கைந்து வீடுகள் முதல் வாரத்திலேயே பேசி, எந்த நாளில் எந்த வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பார் என்று முடிவு செய்து, அந்தத் தொலைபேசி எண்ணை வகுப்பாசிரியரிடம் கொடுத்து வைக்கலாம்.