வெட்டப்பட்ட பேய்கள்

பேய்ப்படங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சுகள்தாம் புழங்குகின்றன. படப்பிடிப்பில் விளக்கு தானாக அணைந்தது, நடிகைக்குக் காய்ச்சல் கண்டது, நள்ளிரவில் கொலுசுச் சத்தம் கேட்டது என்னும் விளம்பரத் துணுக்குகள் ஒரு வகை. தீவிர வாசகர் என்று தம்மைக் கருதிக்கொள்வோரின் உதட்டுச் சுழிப்பு மற்றொரு வகை. இவை எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் எங்களுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு பேய்க்கதை எப்படிச் செய்யப்படுகிறது என்ற கேள்வியின் பக்கம் இரண்டுமே திரும்புவதில்லை.

மசாகி கோபயாஷியின் 'க்வைதான்' (1964) நான்கு கதைகளின் தொகுப்பு. மூன்று மணி நேரப் படம். அதன் திரைமறைவுச் செய்திகளில் கொலுசுச் சத்தம் எதுவும் கிடையாது. கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகைக்குள் காடும் கடலும் பனியும் கட்டப்பட்டன. வானத்தைத் தூரிகையால் தீட்டினார்கள். பனிப்பெண் கதையில் அந்த வானத்திலிருந்து பெரிய கண்கள் கீழே பார்க்கின்றன. ஒளித்துவைத்த தந்திரமன்று அது. தீட்டப்பட்ட கண்கள் என்று தெரிந்தேதான் பார்க்கிறோம், தெரிந்தும் நடுங்குகிறோம். இசையமைத்த தோரு தகேமிட்சு இன்னும் ஒரு படி மேலே போனார். 'கருங்கூந்தல்' கதையில் கணவன் இடிந்த வீட்டுக்குள் தடுமாறி ஓடும்போது அவனுடைய காலடியோசை நமக்குக் கேட்பதில்லை. மரம் பிளக்கும் ஒலி மட்டும் கேட்கிறது. அதுவும் காட்சியோடு பொருந்தாமல், முன்பின்னாக. அச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தரும் துணுக்கு இதுதான். இதைத் தமிழில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

இதைவிட முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. 1965இல் கான் விழாவில் சிறப்பு நடுவர் பரிசு பெற்ற இந்தப் படம் அமெரிக்காவுக்குப் போனபோது பனிப்பெண் கதை முழுவதுமாக வெட்டப்பட்டது. படம் நீளம் என்பது காரணம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டனின் 'டெட் ஆஃப் நைட்' (1945) படத்துக்கும் அங்கே இதே கதிதான். ஐந்து கதைகளில் இரண்டைத் தூக்கிவிட்டார்கள். எல்லாக் கதைகளும் ஒரே கனவில் வந்து முட்டிக்கொள்ளும் படம் அது. கதைகளை உருவிவிட்டால் முடிவில் முன்பின் அறியாத முகங்கள் வந்து நிற்கும். அந்தப் படத்தின் வட்ட அமைப்பைப் பார்த்துத்தான் ஃபிரெட் ஹாயிலும் நண்பர்களும் நிலைத்த பிரபஞ்சக் கொள்கையை யோசித்தார்கள் என்ற துணுக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. சுவையான செய்திதான். ஆனால் வட்டமே உடைக்கப்பட்டு அனுப்பப்பட்டது என்ற செய்தி அதனோடு சுற்றுவதில்லை.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தாகூர் நூற்றாண்டுக்காக சத்யஜித் ரே எடுத்த 'தீன் கன்யா' (1961) மூன்று கதைகளால் ஆனது. ரே தம் படத்துக்குத் தாமே இசையமைக்கத் தொடங்கியதும் இதில்தான். நடுவிலிருக்கும் 'மணிஹாரா' நகைப்பித்துக் கொண்ட ஒரு மனைவியின் பேய்க்கதை. வெளிநாடுகளுக்குப் போனபோது படத்தின் பெயர் 'இரண்டு மகள்கள்' ஆயிற்று. காணாமற்போன மகள் எவள் என்று சொல்லத் தேவையில்லை. துணைத்தலைப்பு உரிய காலத்தில் முடியவில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. இருக்கட்டும். ஆயினும், நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது எப்போதும் பேயாகவே இருப்பது ஏன் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

கத்தரிக்கோல் அயலார் கையில் மட்டும் இல்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) பாடம் நடத்தப்படும் விதத்தைப் பாருங்கள். கதைசொல்லியின் மனப்பிராந்தி, எழுத்தாளனின் நனவிலி, தாம்பத்தியத்தின் குறியீடு என்று ஏதேனும் ஒரு விளக்கத்தால் வேலைக்காரியைக் கதையிலிருந்து மெல்ல வெளியே தள்ளிவிட்டுப் பிறகுதான் நம் விமரிசகர்கள் அதைப் பெரிய இலக்கியம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அவள் உண்மையிலேயே வந்திருக்கலாம் என்ற சாத்தியத்தை அந்தக் கதை கடைசிவரை மூடவில்லை, மூடுபவர்கள் நாம்தான். இதுவும் ஒரு வெட்டுதான். அமெரிக்க விநியோகஸ்தருக்குக் குறைந்தபட்சம் படத்தின் நீளம் என்ற காரணமாவது இருந்தது.

இந்தக் கட்டுரைக்கு எங்களைத் தூண்டியது அடிக்கடி காதில் விழும் ஒரு வாசகம்: தமிழில் ஒரு பேய்க்கதைத் தொகுப்புப் படம் எடுப்பதென்றால் மேகமலையைவிடப் பொருத்தமான இடம் உண்டா? சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பஞ்சுப் பொதிபோல மேகம் தரையில் உட்கார்ந்திருக்கும்; காமிராவை நிறுத்தினால் போதுமாம். நாங்கள் மறுக்கிறோம். அந்த மேகத்துக்குள் தேயிலை பறிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய லயன் வீடுகள் இருக்கின்றன, அந்த வீடுகளில் இரவில் சொல்லப்படும் கதைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக்கூடக் கேட்காமல், எங்கோ எழுதிய திரைக்கதையோடு பனியை மட்டும் வாடகைக்கு எடுப்பது களப்பணி ஆகாது. 'பதினாறு வயதினிலே' (1977) படத்தால் காமிராவை ஸ்டூடியோவுக்கு வெளியே இழுத்துவந்த பாரதிராஜா இந்த மாவட்டத்து அல்லிநகரத்துக்காரர். வெளியே வந்தபின் நிலக்காட்சியையே கதையென்று எண்ணிக்கொண்டது பின்வந்தவர்களின் பிழை.

கோபயாஷி எடுத்த கதைகளை எழுதிய லாஃப்காடியோ ஹெர்ன் கூடப் பிறப்பால் ஜப்பானியர் அல்லர். ஜப்பானியப் புத்தகங்களைச் சரளமாக வாசிக்கும் அளவுக்கு அவருக்கு மொழி கைவந்ததும் இல்லை. மனைவி செட்சு சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினார். கேட்டதுதான் அவருடைய முதல்.

கேட்பதில் இந்தப் பள்ளத்தாக்குக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஒரு முலை இழந்த பெண்ணொருத்தி வேங்கை மரத்தடியில் நின்றதையும் கணவனோடு விண்ணேறியதையும் செங்குட்டுவனிடம் சொன்னவர்கள் மலைக் குறவர்கள். கண்டவர் சொல்லக் கேட்டுத்தான் வஞ்சிக் காண்டமே நடக்கிறது. அந்த மலை இதுதான் என்று நம்பி, கூடலூருக்கு மேலே மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமியன்று இன்றும் ஏறுகிறார்கள். கண்ணகியைப் பேய் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுக் கம்பத்தில் நடமாடவும் முடியாது. இறந்தோர் திரும்பத் தோன்றுவதைக் கதையின் கௌரவமான பொருளாக இளங்கோவடிகள் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் சொல்கிறோம். நாம் அதற்கு வெட்கப்படுகிறோம்.

போர்க்களத்தில் மாண்டவர்களின் ஆவிகளுக்கே அவர்களுடைய போரைப் பாடிக் காட்டும் குருட்டுப் பாடகன் ஹோயிச்சியின் கதை 'க்வைதா'னில் வருகிறது. இங்கே உடுக்கடித்துப் பாடும் கோடாங்கிகள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களிடம் போய் உட்காரத் துணிபவர், அதன்பின் மேகமலை ஏறத் தேவையே இல்லை. சின்னமனூரில் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வானத்தைத் தாமே தீட்டிக்கொள்ளலாம்.