யார் பின்னால் ஓடுவது?

2011இல் வந்த ஸ்கைரிம், தலைவெட்டும் மேடைக்குக் கொண்டுபோகும் வண்டியில் தொடங்குகிறது. தப்பிக்க, பேரரசின் ஹாட்வர் பின்னால் ஓடலாம்; கிளர்ச்சிக்காரன் ராலோஃப் பின்னாலும் ஓடலாம். "யார் பின்னால போனாலும் ஒண்ணுதான், அப்புறமா மாத்திக்கலாம்" என்கிறார்கள் நண்பர்கள். உண்மைதான். என் புகாரே அதுதான்.

கிளர்ச்சியின் தலைநகர் விண்ட்ஹெல்மில் இருண்ட எல்ஃப்கள் ஒரு பாழடைந்த மூலையில் ஒண்டிக் கிடக்கிறார்கள். ஆர்கோனியர்களுக்கு மதிலுக்குள் இடமே இல்லை. நான் இருண்ட எல்ஃபாகவே அந்தப் படையில் சேர்ந்தேன். வேற்றாளுக்கு இங்கென்ன வேலை என்று கால்மர் ஒருமுறை கேட்டதோடு சரி. போரை ஜெயித்துக் கொடுத்தேன். அந்த மூலை அப்படியே கிடந்தது.

இழக்க எதுவுமில்லாத இடத்தில் பக்கம் எடுக்கச் சொல்வது, சும்மா சட்டை மாற்றச் சொல்வதுதான்.